நோய் போன பின் வரும் கணக்கு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "பொருளாதாரம் பற்றி ஏதாவது சொல்லுங்கோ டீச்சர், ஆனால் நித்திரை வராத மாதிரி" என்றார். முதலாவதை நிறைவேற்றுகிறேன். இரண்டாவது கடவுள் கையில்.

நம் சங்கத்துக்கு நூறு வயது. இந்த நூறு ஆண்டுக்குள் நம் நாட்டை உலுக்கிய இரண்டு கொள்ளைநோய்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். ஒன்று 1934இல் வந்த மலேரியா. மற்றது நாம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கடந்து வந்த கொவிட். இரண்டைப் பற்றியும் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை நாள் ஊரடங்கு என்று நிறைய எழுதியாகிவிட்டது. நான் கேட்பது வேறு கேள்வி. நோய் போய்விடுகிறது. கடைகள் திறக்கின்றன, பஸ் ஓடுகிறது. அதற்குப் பிறகு பத்து வருடம், இருபது வருடம் கழித்து, அந்த நாட்டு மக்களின் உழைப்புக்கு முன்பிருந்த அதே பெறுமதி இருக்கிறதா? ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் செய்யக்கூடிய வேலையின் பெறுமதியைத்தான் நாங்கள் வகுப்பில் 'உற்பத்தித்திறன்' என்று படிப்பிப்போம். அதற்கு என்ன நடக்கிறது?

கண்டியில் வளர்ந்தவர்களுக்கு, நோயின் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பது புதிதல்ல. 1869இல் இந்த மலைகளில் கோப்பிச் செடியின் இலையில் ஒரு துரு நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் கோப்பி முடிந்தது. தெல்தோட்டைக்கு மேலே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் நட்டுப் பார்த்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் காலத்தில் மட்டும். பறித்து முடித்தவர்கள் தமிழகத்துக்குத் திரும்பிப் போவார்கள். தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும், ஆகவே குடும்பமாக வந்து லயத்தில் தங்க வேண்டும். இந்த மண்டபத்தில் இருக்கும் நம்மில் பலர் இங்கே பிறந்ததற்கு ஒரு பங்கு காரணம் அந்த இலைத் துரு. இது செடிக்கு வந்த நோய். மனிதருக்கு வந்ததைப் பார்ப்போம்.

1934ஆம் ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. மகாவலி, மா ஓயா, தெதுரு ஓயா எல்லாம் ஓட்டம் நின்று, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கின. தெளிந்த தேங்கு நீர் கிடைத்தால் பெருகும் நுளம்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உலர் வலயத்து மக்களுக்கு மலேரியா பழகிய நோய். உடலில் ஓரளவு எதிர்ப்பு இருந்தது. கேகாலை, குருநாகல், கண்டி மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகள் போன்ற ஈர வலயத்து ஊர்களுக்கு அந்த எதிர்ப்பு இல்லை. ஒக்டோபரில் தொடங்கி அடுத்த வருடம் ஏப்ரல் வரை ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். பதினைந்து இலட்சம் பேருக்குக் காய்ச்சல் வந்ததாகக் கணக்கிட்டார்கள். அன்றைய மொத்தச் சனத்தொகை ஐம்பத்தைந்து இலட்சம் அளவில்தான். நாலு பேரில் ஒருவருக்கு மேல்! உயரத்தில் இருந்த தேயிலைத் தோட்டங்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. ஆற்றோரக் கிராமங்களைத்தான் வாட்டியது.

ஆனால் நுளம்பு மட்டும் கொன்றது என்று நான் நினைக்கவில்லை. அது உலகப் பொருளாதார மந்த காலம். இறப்பரும் தேங்காயும் விலை விழுந்து கிடந்தன. ஏற்கெனவே அரை வயிற்றோடு இருந்த வீடுகளில்தான் காய்ச்சல் புகுந்தது. நிவாரணத்துக்குப் போன சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் (டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களில் இருந்தார்கள்) கொயினாவோடு மார்மைட்டையும் கொண்டு போனார்கள். ஏனென்றால் மருந்தைத் தாங்க உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும். அடுத்த வருடம் டிசம்பரில் அவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள்.

இந்த நோயின் செலவை அக்கால ஏற்றுமதிக் கணக்கில் தேடினால் கிடைக்காது. மந்தத்தின் நட்டம் எது, மலேரியாவின் நட்டம் எது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் கலந்து கிடக்கும். வேறு இடத்தில் தேட வேண்டும். பிள்ளைகளிடம்.

அதற்கு ஒரு நல்ல வழியை அமெரிக்கப் பொருளியலாளர் ஏட்ரியன் லூகாஸ் கண்டுபிடித்தார். 2010இல் வெளிவந்த அவருடைய ஆய்வு 1934இன் கொள்ளைநோயைப் பற்றியதல்ல. இலங்கையில் நிலையாகக் கிடந்த மலேரியாவைப் பற்றியது. யுத்தம் முடிந்ததும் இங்கே வீடு வீடாக டீ.டீ.ரீ. அடித்தார்கள். ஆயிரம் பேருக்கு இருபதாக இருந்த 1946இன் இறப்பு வீதம் அடுத்த வருடமே பதினாலுக்கு இறங்கியது. (டீ.டீ.ரீ. மட்டுமா காரணம், உணவும் வைத்தியசாலையும் எவ்வளவு என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அதற்குள் நான் போகவில்லை.) லூகாஸ் கேட்ட கேள்வி எளிமையானது. மலேரியா அதிகம் இருந்த மாவட்டங்களில், அது ஒழிந்த பிறகு பிறந்த பெண்கள், அதற்கு முன் பிறந்த பெண்களைவிட அதிகம் படித்தார்களா? மலேரியா குறைவாக இருந்த மாவட்டங்களில் அதே தலைமுறைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் என்ன தெரிகிறது?

1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியும் அதே காலத்தில்தானே வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். சரியான கேள்வி. இலவசக் கல்வி எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. மலேரியா ஒழிந்ததால் கூடுதல் நன்மை பெற்றது சில மாவட்டங்கள் மட்டும். ஒப்பிடுவதன் பயன் அதுதான். கிடைத்த பதில்: மலேரியா பத்து சதவீதப் புள்ளி குறைந்த இடத்தில் பெண்களின் படிப்பு ஏறத்தாழ ஒரு வருடத்தின் பத்தில் ஒரு பங்கு கூடியது; எழுத வாசிக்கத் தெரிந்தவர்களும் ஒன்றிரண்டு சதவீதம் கூடினார்கள். சின்ன எண்தான். ஆனால் ஒரு மாவட்டத்தின் முழுப் பெண் தலைமுறைக்கும் அதைப் பெருக்கிப் பாருங்கள். இரத்தச் சோகையில் சோர்ந்து, மாதத்தில் பாதி நாள் வகுப்புக்கு வராமல், கடைசியில் நின்றுவிட்ட பிள்ளைகள்தான் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். நோய் எடுத்தது காய்ச்சல் கண்ட நாட்களின் கூலியை மட்டுமல்ல. அந்தப் பிள்ளை முப்பது வயதில் செய்திருக்கக்கூடிய வேலையையும் எடுத்தது.

அமெரிக்காவில் டக்ளஸ் ஆல்மண்ட் என்பவர் 1918 இன்புளுவென்சாவை வைத்து இன்னும் பின்னால் போனார். அந்த நோய் பரவிய மாதங்களில் தாயின் வயிற்றில் இருந்தவர்கள், அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களைவிடக் குறைவாகப் படித்து, நடுவயதில் குறைவாகச் சம்பாதித்தார்கள். நோய் மூன்று மாதம். கணக்கு அறுபது வருடம்.

இனி கொவிட்டுக்கு வருகிறேன். கண்ணுக்குத் தெரிந்த நட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2020இல் நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ நான்கு சதவீதம் சுருங்கியது. 2018இல் இருபத்து மூன்று இலட்சமாக இருந்த சுற்றுலாப் பயணிகள் 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே போனார்கள். கண்டிப் பெரஹரா 2020இல் வீதியோரத்தில் சனமில்லாமல் போனது. இந்த ஊரில் ஹோட்டல், வாகனம், கைப்பணி என்று வாழ்ந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. இந்த நட்டம் பெரிதுதான். ஆனால் பயணிகள் திரும்பி வந்தால் ஹோட்டல் அறை நிரம்பும். திரும்பி வராதது ஒன்று இருக்கிறது.

2020 ஏப்ரலில், 1883இலிருந்து ஆட்கள் கூடிக் கைதூக்கி நடத்திய கொழும்புத் தேயிலை ஏலத்தைச் சில நாட்களுக்குள் இணையத்துக்கு மாற்றினார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஊரடங்கிலும் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை, ஏலமும் நிற்கவில்லை. நின்றது அந்தக் கொழுந்தைப் பறித்த பெண்ணின் பிள்ளையுடைய பாடசாலை. 2020 மார்ச்சில் மூடினார்கள். ஜூலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒக்டோபரில் மூடி, பிறகு இடத்துக்கு இடம் திறந்து, 2021 ஏப்ரல் இறுதியில் திரும்ப மூடி, அந்த வருடம் ஒக்டோபர் 21இல்தான் முதலில் சிறிய ஆரம்பப் பாடசாலைகளைத் திறந்தார்கள். இடையில் ஆசிரியர் சம்பளப் போராட்டத்தில் சில மாதம் இணையவழி வகுப்பும் இல்லை. அது நியாயமான போராட்டம் என்றுதான் நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் பிள்ளைக்குப் பாடம் இல்லாதது இல்லாததுதான். பிறகு 2022 ஜூனில் எரிபொருள் இல்லாமல் மறுபடி மூடினார்கள்.

அக்காலத்தில் நாட்டில் ஐந்து குடும்பங்களில் ஏறத்தாழ ஒன்றில்தான் கணினி இருந்தது. தோட்டப்புறத்தில் அதைவிட மிகவும் குறைவு. என்னிடம் பொருளியல் படித்த கலஹாப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியின் வீட்டில் ஒரே ஒரு கைத்தொலைபேசி. அதை அப்பா வேலைக்குக் கொண்டு போய்விடுவார். பகலில் நான் அனுப்பியதை அவள் இரவு எட்டு மணிக்குப் பிறகு பார்ப்பாள். லயத்துக்குள் சிக்னல் வராது. கோயில் படியில் போய் நின்று விடையைப் படம் எடுத்து அனுப்புவாள். அவளுக்குக் கீழே இரண்டு தம்பிமார், அவர்களுக்கும் அதே தொலைபேசி. யாருடைய பாடம் முதலில்? நீங்களே சொல்லுங்கள்.

பரீட்சைகளும் வழுக்கின. 2021ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022இனது 2023 ஜனவரியில். 2023இனது 2024 ஜனவரியில். அதன் பிறகு பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதி என்று காத்திருப்பு. ஒரு வருடம் பிந்தினால் என்ன, பிறகு பிடிக்கலாம்தானே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓய்வு பெறும் வயது மாறாது. ஒரு வருடம் பிந்தி வேலைக்குச் சேர்ந்தவர் இழப்பது முதல் வருடத்துச் சின்னச் சம்பளத்தையல்ல. கடைசி வருடத்து, அனுபவம் முழுதாகக் கூடிய, பெரிய சம்பளத்தை. அது வேலைக்குச் சேருகிறவர்களின் கதை. காத்திருக்கும் அந்த ஒன்றரை வருடத்துக்குள் தையல் தொழிற்சாலைக்கோ கொழும்புக் கடைக்கோ போன பெண் பிள்ளைகளையும், "இனிப் படித்து என்ன" என்று கலியாணம் பேசி முடித்தவர்களையும் நம் எல்லோருக்கும் தெரியும்.

பாடசாலை மூடியதன் விளைவு எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு ஒரு சான்று பாகிஸ்தானில் இருக்கிறது. அது நோயல்ல, 2005 ஒக்டோபரில் வந்த பூமியதிர்ச்சி. பாடசாலைகள் சராசரியாகப் பதினான்கு வாரம் மூடியிருந்தன. நாலு வருடம் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். வீடு, வீதி, கட்டடம் எல்லாம் மீண்டிருந்தன. ஆனால் நிலப் பிளவுக் கோட்டுக்கு அருகில் இருந்த பிள்ளைகள், தூரத்தில் இருந்தவர்களைவிட ஒன்றரை வருடப் படிப்புப் பின்தங்கியிருந்தார்கள். பதினான்கு வாரம் எப்படி ஒன்றரை வருடமாகும்? ஆசிரியைமாருக்கு உடனே விளங்கும். திறந்த அன்று ஆசிரியர் பாடத்திட்டத்தில் உள்ள இடத்திலிருந்து தொடங்குகிறார். பின்னம் விளங்காத பிள்ளைக்குத் தசமம் வருகிறது, பிறகு சதவீதம் வருகிறது. அவள் விட்டது ஒரு படி. அதற்குமேல் எல்லாப் படியும் ஆடுகிறது.

அந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. எல்லாப் பிள்ளைகளும் பின்தங்கவில்லை. தாய் ஆரம்பக் கல்வியை முடித்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த இழப்பே தெரியவில்லை. கவனியுங்கள், பட்டதாரித் தாய் என்று சொல்லவில்லை. ஆரம்பக் கல்வி. பாடசாலை மூடிய வாரங்களில் பக்கத்தில் இருந்து கொப்பியைப் பார்க்க ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான். மலேரியா ஒழிந்ததால் எழுதப் படித்த அந்தப் பெண்களை இப்போது நினைத்துப் பாருங்கள். பாதிக்கப்பட்டது ஒரு தலைமுறைப் பெண்களின் படிப்பு என்றால், அடுத்த நோய் வரும்போது பிள்ளையைக் காக்கும் ஆளையும் சேர்த்துத்தான் இழக்கிறோம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022இல் நடந்த எல்லாவற்றையும் கொவிட்டின் தலையில் போடுவது வசதியான பொய். வரிக்குறைப்பு, வெளிநாட்டுக் கடன், 2021இன் இரசாயன உரத் தடை எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த வருடம் பொருளாதாரம் ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. தேயிலை உற்பத்தி முப்பது கோடி கிலோவிலிருந்து இருபத்தைந்து கோடிக்கு விழுந்தது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். 1934இல் மந்தமும் மலேரியாவும் கலந்தது போலவே இதுவும் கலந்து கிடக்கிறது. ஆனால் பிள்ளைக்கு அது ஒரே அடிதான். வாசிக்கப் பழக வேண்டிய இரண்டு வருடம் பாடசாலை இல்லை. மூன்றாம் வருடம் காலைச் சாப்பாடு இல்லை.

2020இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2024இல் புலமைப்பரிசில் எழுதிவிட்டாள். இன்னும் பதினைந்து வருடத்தில் இந்த நாட்டின் தாதி, கணக்காளர், தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஆசிரியை எல்லாம் அவளுடைய வகுப்புத்தான். நம் நாட்டில் ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். பெண்களில் பத்துக்கு மூன்று பேர்தான். வயதானவர்கள் பெருகும் நாடு இது. அவளும் பாதியில் நின்றால் நம்முடைய ஓய்வூதியத்தை யார் உழைத்துத் தருவது? இது தர்மத்துக்காக மட்டும் கேட்கும் கேள்வியல்ல.

மீளவே முடியாதா? முடியும், அதற்கும் அளந்து பார்த்த சான்று தமிழிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வொன்று, 2021 டிசம்பரில் அவர்கள் கணிதத்திலும் தமிழிலும் மிகவும் பின்தங்கியிருந்ததைக் கண்டது. கணிதத்தில் இழப்பு தமிழைவிட இரண்டு மடங்கு. பாடசாலை திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்துவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தால் வந்தது. பெரிய வித்தையொன்றும் இல்லை. அந்தந்த ஊர்ப் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபா சிறு தொகை வாங்கிக்கொண்டு, பின்னேரத்தில் ஒன்றரை மணித்தியாலம் வீட்டுத் திண்ணையிலோ பொது இடத்திலோ பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தார்கள்.

அதனால்தான் நான் வந்திருக்கிறேன். நூற்றாண்டு நிதியில் புது வாயில் வளைவு கட்டும் யோசனை இருப்பதை அறிவேன். வளைவு அழகாகத்தான் இருக்கும், நானும் அதன் கீழ் நின்று படம் எடுப்பேன். ஆனால் அதற்கு முன், கலஹா, தெல்தோட்டை, பன்விலை, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளில் இருபது பேரை எடுப்போம். நம் ஓய்வுபெற்ற ஆசிரியைமார் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல், எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பிரித்து, தமிழும் கணிதமும் மட்டும், கிழமைக்கு மூன்று நாள், இரண்டு வருடம். அந்த இருபது பேருக்கும் மாதாந்தம் ஒரு தொகை கட்டாயம் கொடுக்க வேண்டும். 'தொண்டு' என்று சொல்லிப் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்கும் பழக்கம் நம் சங்கத்துக்கு வேண்டாம். வெளிநாட்டுச் சகோதரிகளிடம் கேட்பது அந்தத் தொகையைத்தான். தொடங்கும்போது ஒரு சோதனை, ஒவ்வொரு ஆறு மாதமும் ஒரு சோதனை. எண் ஏறாவிட்டால் நிறுத்திவிட்டு வளைவைக் கட்டலாம்.

நிகழ்ச்சி நிரலில் இது ஐந்தாவது விடயமாக வருகிறது. முன்மொழிவது நான். வழிமொழிய ஒருவர் வேண்டும்.